ரொறன்ரோவில் வீடு தேடும் முன் பஸ் வரைபடத்தைப் பாருங்கள்

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியதும் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "சப்வேக்குப் பக்கத்தில வீடு எடுங்கோ," அதாவது நிலக்கீழ் ரயிலுக்குப் பக்கத்தில். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ரயிலேறிச் சுற்றிப் பார்க்கிற ஆள் நான், சப்வேயைக் குறை சொல்ல மனம் வராது, ஆனால் இந்த நகரத்தில் அந்த அறிவுரை பாதிதான் சரி. வாடகை கட்டுப்படியாகாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கே சப்வேக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பதே பஸ்தான். கென்னடி சப்வே நிலையத்தில் பஸ் உள்ளேயே வந்து நிற்கும், படி இறங்கினால் ரயில். அதனால் பேஸ்மென்ற் பார்க்கப் போகும்போது, அந்தத் தெருமுனையில் நிற்கும் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறதா என்று பாருங்கள். பஸ், சப்வே எல்லாவற்றையும் நடத்துகிற ரிரிசியின் வரைபடத்தில் அந்தத் தடங்களைத் தனியாகவே காட்டியிருப்பார்கள்.

நகரின் கிழக்கே ஸ்காபரோ போகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய ஆட்கள் "ஆர்ரி எடுத்துப் போகலாம்" என்பார்கள். 1985இல் தொடங்கிய அந்தச் சின்ன ரயில் 2023 ஜூலை 24 அன்று கடைசிப் பெட்டி தடம் புரண்டதோடு நின்றுபோனது, திரும்பி வரவேயில்லை. எனக்குப் பிடித்த ரயில் அது, சரி, என்ன செய்வது. அதற்குப் பதிலாகச் சப்வேயின் 2ஆம் தடத்தைக் கென்னடியிலிருந்து ஷெப்பர்ட்-மக்கோவன் வரை 7.8 கிலோமீற்றர் நீட்டுகிற வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. "சப்வே வரப்போகுது" என்று சொல்லி வாடகையை ஏற்றுகிற வீட்டுக்காரரிடம் சிரித்துவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.

கட்டணம் லேசான கணக்கு. பயணக் கட்டண அட்டையான பிரெஸ்ரோ கார்டை ஒருதரம் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை பஸ், ரயில் வேண்டுமானாலும் மாறலாம், இடையில் இறங்கலாம், வந்த வழியே திரும்பவும் போகலாம். கடைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு அதே காசில் வீடு வந்து சேரலாம் என்பது புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய விஷயம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். வங்கிக் கார்டையும் தட்டலாம், ஆனால் ஒரு பயணம் முழுக்க ஒரே கார்ட்தான். முதல் பஸ்ஸில் கார்டையும் அடுத்ததில் போனையும் தட்டினால் இரண்டு தரம் காசு போகும்.

2ஆம் தடத்தில் ஏறினால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ரயில் நின்றதும் கதவைத் திறக்கிற ஊழியர் யன்னலால் தலையை நீட்டி, எதிரே சுவரிலுள்ள பச்சை முக்கோணத்தை விரலால் சுட்டிக் காட்டிவிட்டுத்தான் திறப்பார். ரயில் முழுவதும் நிலையத்துக்குள் வந்துவிட்டதென்று உறுதி செய்கிற வழக்கம் அது, பைத்தியமில்லை.

வார இறுதியில் பராமரிப்புக்காகச் சப்வேயின் ஒரு பகுதியை அடிக்கடி மூடுவார்கள், ஞாயிறு காலை ரயில் தொடங்கவே எட்டு மணியாகிவிடும். ஞாயிறு வேலை என்றால் இரவு பஸ்கள், 300இல் தொடங்கும் இலக்கங்கள், எங்கே நிற்கின்றன என்று முதல்நாளே பார்த்து வையுங்கள். வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரிலிருந்து நடு வீதியில்தான் இறங்க வேண்டிவரும்; கதவு திறந்திருக்கும்போது கார்கள் நிற்க வேண்டும் என்பது சட்டம், ஆனாலும் வலப்பக்கம் பார்த்துவிட்டே காலை வையுங்கள். அப்புறம் வெளியூர்களுக்கு ஓடும் கோ ரயில்: ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போது மறந்தால் கூடுதலாக வெட்டிவிடுவார்கள்.