பெங்களூரு வீட்டில் மரத்திராட்சை: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பலாவை அடிமரத்தில் பார்த்துப் பழகிய நமக்கு ஜபோட்டிகாபா பெரிய அதிசயமாகத் தெரியாது. ஆனாலும் முழுக் காய்ப்பில் ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது. தூரிலிருந்து கிளை வரை கறுப்புக் கோலிக்குண்டுகளை ஒட்டி வைத்தது போலப் பழம் அப்பிக் கிடக்கும். கொய்யா, நாவல் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரத்தின் தாயகம் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி. தமிழில் மரத்திராட்சை என்கிறார்கள். கேட்டு வாங்கும்போது இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் வெயிலும் குளிரும் இதற்குக் கச்சிதம். அப்படியும் பல வீடுகளில் செடி மஞ்சளித்து, நுனி கருகி, வளராமல் நிற்கிறது. பெரும்பாலும் காரணம் போர்வெல் தண்ணீர்தான். மரத்திராட்சைக்கு லேசான புளிப்பு மண் வேண்டும், புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். (pH) அளவில் 5.5 முதல் 6.5 வரை. நம் செம்மண் இயல்பிலேயே ஏறத்தாழ அந்த அளவில் இருக்கும். அதன்மேல் தினமும் வாளியில் வெள்ளைப் படிவு விடுகிற தண்ணீரை ஊற்றினால் ஓரிரு ஆண்டில் தொட்டி மண் காரமாகிவிடும். பிறகு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் நல்லது மழைநீர். 100 சதுர அடி கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் சிந்தல் போக 150 லிட்டர் தேறும். ஒரு 200 லிட்டர் டிரம் நிறைய ஒரு நல்ல மழை போதும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிடுங்கள். டிரம்மை வலைபோட்டு மூடுங்கள், இல்லையென்றால் கொசு வளர்ப்பதாகிவிடும். ஏ.சி. வடிகுழாய் நீரிலும் உப்பு கிடையாது, அதையும் பிடித்து வைக்கலாம். காவிரி நீரை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அடுத்த வறட்சியிலும் அது வரலாம்.

போர்வெல் நீர் மட்டும்தான் இருக்கிறது என்றால் சிட்ரிக் ஆசிட் கைகொடுக்கும், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது. 10 லிட்டர் நீரில் 2 கிராம் கரைத்துக் கலக்கி, பி.எச். தாள் நனைத்துப் பாருங்கள். 6-க்கும் 6.5-க்கும் இடையில் வர வேண்டும். வரவில்லையென்றால் அரை அரை கிராமாகக் கூட்டுங்கள். உங்கள் போர்வெல்லுக்கான அளவு தெரிந்துவிட்டால் பிறகு தினமும் தாள் தேவையில்லை, மாதம் ஒரு முறை போதும். கலந்த நீரை அன்றே ஊற்றிவிடுங்கள். டி.டி.எஸ். மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. அது மொத்த உப்பைத்தான் காட்டும், காரத்தைக் காட்டாது.

ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுவது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல்லின் உப்பு அதில் இன்னும் செறிவாக இருக்கும், மரத்திராட்சைக்கு அது மெல்லக் கொல்லும் விஷம். துணி அலசிய சோப்பு நீரும் வேண்டாம்.

அடுத்தது மண். புது மனைகளில் கட்டட இடிபாடு போட்டு மேவியிருப்பார்கள். குழி தோண்டிய மண்ணில் ஒரு பிடி எடுத்து வெள்ளை வினிகர் சொட்டுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் தரையில் நடாமல் தொட்டிக்குப் போவதே நல்லது. நுரைக்காவிட்டால் 2 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, செம்மண் 2 பங்கு, கழுவிய தென்னைநார்த் துகள் 1 பங்கு, நன்றாக மக்கிய இலைமட்கு 1 பங்கு கலந்து நிரப்புங்கள். நர்சரியில் 'கெம்மண்ணு' என்று கேட்டால் செம்மண் மூட்டை தருவார்கள். நார்த்துகளை நல்ல நீரில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், எலும்புத்தூள் மூன்றும் ரோஜாவுக்கு நல்லதாக இருக்கலாம், இதன் பக்கம் கொண்டுவராதீர்கள். குடித்த டீத்தூளைப் போட்டால் மண் புளிக்கும் என்பது வெறும் நம்பிக்கை. மட்காகச் சேரும், அவ்வளவுதான்.

மாடியில் வளர்ப்பவர்கள் சிமென்ட் தொட்டி வாங்க வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும். 12 அங்குலத் தொட்டியில் தொடங்கி, வேர் நிறைந்ததும் 18 அங்குலத்துக்கு மாற்றி, கடைசியாக 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். அடியில் விரல் பருமனில் எட்டுப் பத்து துளைகள் வேண்டும். ஈரமண்ணோடு அந்தப் பாதி டிரம் 120 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே தளத்தின் நடுவில் வைக்காமல் பீம் அல்லது சுவர் ஓடும் இடமாகப் பார்த்து, செங்கல்மேல் ஏற்றி வையுங்கள்.

கன்று வாங்கும்போதுதான் ஏமாற்றம் அதிகம். சபரா வகையின் பழம் மிக இனிப்பு, ஆனால் விதைக்கன்று காய்க்க 8 ஆண்டுக்கு மேலாகும், பொறுமை வேண்டும். சிவப்பு ஹைப்ரிட் என்று விற்கப்படுவது 3 முதல் 5 ஆண்டில் காய்க்கத் தொடங்கும். வீட்டுத் தோட்டத்துக்கு இதையே சொல்வோம், சுவையில் ஓர் இம்மி குறைந்தாலும் பரவாயில்லை. 'ஒட்டுக்கன்று சார்' என்றால் ஒட்டுத் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். தண்டில் தழும்பு இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் அது ஒட்டுக்கன்று இல்லை. சித்தாபுரா நர்சரிகளில் நாலு கடை ஏறி இறங்கி, தளிர் இளஞ்சிவப்பாகவும் நுனி கருகாமலும் இருக்கும் கன்றாக எடுங்கள். உயரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், தண்டின் பருமனுக்குக் கொடுங்கள்.

ஜூனில் நடுவது நல்லது. வேர்க்கட்டி உடையாமல், பையில் இருந்த அதே மட்டத்தில் நடுங்கள். தரையில் என்றால் சுவரிலிருந்து 8 அடி தள்ளி. முதல் இரண்டு கோடையிலும் மதிய வெயில் படாமல் நிழல்வலை கட்டுங்கள். அதன்பின் 6 மணி நேர வெயில் தேவை. இதன் வேர் மேலோட்டமாகப் பரவுவது என்பதால் தூரைக் கொத்தக் கூடாது. கொத்துவதற்குப் பதில் 3 அங்குலத்துக்குச் சருகு பரப்புங்கள், தண்டை ஒட்டி ஒரு கை அகலம் விட்டு. தெருவில் உதிரும் சருகுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன?

மண் ஒரு நாளும் முழுக்கக் காயக் கூடாது, தேங்கவும் கூடாது. 12 அங்குலத் தொட்டிக்கு மார்ச் முதல் மே வரை தினமும் ஒன்றரை லிட்டர், மற்ற நாளில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் நுனி கருகிய இலைகள் மறுபடி பச்சையாகாது. போகுமுன் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இலையைப் படிக்கத் தெரிந்தால் பாதி மருந்து மிச்சம். இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை இரும்பு உரத்தை 10 லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, செடியின் அளவுக்கேற்ப ஒன்றிரண்டு லிட்டர் வேரில் ஊற்றுங்கள். மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) வகை காரமண்ணில் பலிக்காது. அதை லிட்டருக்கு அரை கிராம் கலந்து இலையில் தெளிக்கலாம். ஆனால் தண்ணீரை மாற்றாமல் இரும்பு மட்டும் கொடுத்தால் இரண்டு மாதத்தில் அதே மஞ்சள் திரும்பிவிடும். முதிர்ந்த இலை மட்டும் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. விளிம்பு கருகினால் உப்பு மிகுந்திருக்கும் அல்லது மண் காய்ந்திருக்கும்; உப்பு என்றால் தொட்டியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுங்கள்.

உரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். 18 அங்குலத் தொட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்கிய தொழு உரம் 1 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 50 கிராம் போதும். மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் நீரில் வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 2 மி.லி. கலந்து மாலையில் தெளியுங்கள். கூடவே எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள், அதுதான் பூச்சியைச் சுமந்து வருவது.

பூப்பது அடிமரத்தில் என்பதால் தண்டுக்கு வெளிச்சம் வேண்டும். உட்பக்கம் மெல்லிய குச்சிகளை மட்டும் நறுக்குங்கள், தடித்த கிளையைத் தொடாதீர்கள். கோடை மழைக்குப் பிறகு தண்டில் வெள்ளைப் பஞ்சு போலப் பூ வெடிக்கும். அங்கிருந்து ஐந்தாறு வாரத்தில் பழம். பூத்த பிறகு இரண்டு நாள் தண்ணீர் தவறினாலும் பிஞ்சு உதிரும். காய் நிறம் மாறும்போது பழைய மெல்லிய சேலையைத் தண்டைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வௌவாலும் அணிலும் நம்மைவிடச் சரியாக நாள் பார்க்கும்.

பறித்த பிறகு இது பழுக்காது. முழுக்கக் கறுத்து, அழுத்தினால் லேசாகக் கொடுக்கும் பதத்தில் பறியுங்கள். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், இதனால்தான் கடைக்கு வருவதில்லை. தோலை விரலால் பிதுக்கிச் சதையை வாயில் போட்டுக்கொள்ளலாம். துவர்க்கும் தோலை ஜாமுக்கு எடுத்துவைக்கலாம். விதையைத் துப்பினால் அன்றே கழுவி மண்ணில் ஊன்றுங்கள். உலர்ந்தால் முளைக்காது, ஈரத்தில் ஒரு மாதத்தில் முளைவிடும்.