ஆஃப்டர்டச் அடங்க மறுத்தால் ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள்

போன வாரம் அருவங்காட்டில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போயிருந்தேன். கீபோர்டு வாசிக்கிற தம்பி சிந்தசைசரை மேசைமேல் குப்புறப் போட்டுவிட்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றான்.

"என்ன தம்பி பண்றே?"

"ஸ்ட்ரிங்ஸ்ல கைய வெச்சாலே சத்தம் ஆடுதுண்ணா. கழட்டி உள்ள ஸ்பாஞ்ச் ஒட்டினா சரியாயிடும்னு சொன்னாங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் குன்னூரில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் நானும் இதே கோலத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டாண்டை இறுக்கிப் போடுங்கள், அடாப்டரை மாற்றிச் செருகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிட்டு, நாம் வழக்கமாகச் செய்கிற தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கழற்றுவது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கட்டையை எவ்வளவு வேகமாக அடித்தோம் என்பது வெலாசிட்டி. கட்டை அடியில் போய் உட்கார்ந்த பிறகும் விரல் கொடுக்கிற அழுத்தம்தான் ஆஃப்டர்டச். கட்டைகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஒரு மெல்லிய பட்டை அந்த அழுத்தத்தை உணர்ந்து, 0 முதல் 127 வரை ஓர் எண்ணாக அனுப்பும். அந்த எண்ணை வைத்து வைப்ரேட்டோவை (ஒலியின் நடுக்கத்தை) கூட்டுவதா, ஒலியின் கூர்மையை மாற்றும் ஃபில்டரைத் திறப்பதா, சுருதியையே வளைப்பதா என்பது அந்தந்த டோனில், அதாவது ஸ்ட்ரிங்ஸ் மாதிரி நாம் தேர்ந்தெடுக்கிற ஒலியில், எழுதி வைத்திருக்கும். ஆக, சத்தம் ஆடினால் பட்டைமேல்தான் தப்பு என்று இல்லை. டோனை அமைத்தவர் கடையில் வாங்குபவரை அசத்துவதற்காக அளவை ஏற்றி வைத்திருக்கலாம். பாதி நேரம் அதுதான் நடக்கிறது.

எனக்கு அன்று இது தெரியாது. பட்டைதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். கழற்றிய ஸ்க்ரூக்களையெல்லாம் ஒரே எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன். அதில் நீளமும் உண்டு, குட்டையும் உண்டு. பட்டைக்கு மேலே ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற ஸ்பாஞ்ச் நாடாவை ஒட்டினேன், பிறகு கோணலாக இருக்கிறதே என்று பிய்த்தேன். பிய்க்கும்போது பட்டையும் சேர்ந்து வந்து ஓரிடத்தில் மடிந்தது. நகத்தால் நீவினால் போய்விடும் என்று நினைத்தேன். மூடும்போது குட்டை ஸ்க்ரூ போகவேண்டிய துளையில் நீளமானது ஏறியது. ஏதோ நறுக்கென்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சுவிட்சைப் போட்டால், கையே வைக்காமல் வைப்ரேட்டோ நடுங்குகிறது. பட்டையின் மடிப்பு தன்னைத்தானே அழுத்திக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ குத்திய சர்க்யூட் போர்டில் மேல் ஆக்டேவ் முழுக்க ஊமை. கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். மூன்று மாதம், பதினோராயிரம் ரூபாய். ஏப்ரலில் ஊட்டி மாரியம்மன் திருவிழா சமயத்தில் கிடைத்திருந்த இரண்டு கச்சேரிகளும் போயின. ரிப்பேர் முடிந்து கீபோர்டை வாங்கி வந்த அன்று இரவு பொறுமையாக மெனுவைத் துழாவினால், குளோபல் பக்கத்தில் (கீபோர்டு முழுவதற்குமான செட்டிங்குகள் இருக்கும் பக்கம்) "ஆஃப்டர்டச் சென்சிட்டிவிட்டி" என்று ஒரு வரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஆகவே வரிசை இதுதான். முதலில் டோனை மாற்றிப் பாருங்கள். ஒரே டோனில் மட்டும் ஆடினால், அந்த டோனின் மாடுலேஷன் பக்கத்தில் ஆஃப்டர்டச் அளவைக் குறைத்து, வேறு இடத்தில் சேமியுங்கள். எல்லா டோனிலும் ஆடினால் குளோபல் பக்கத்தில் சென்சிட்டிவிட்டி, கர்வ் என்று எது இருக்கிறதோ அதைத் தொடுங்கள். லேப்டாப்பில் ஒரு மிடி மானிட்டரை (கீபோர்டு அனுப்பும் எண்களைக் காட்டும் மென்பொருள்) திறந்து வைத்துக்கொண்டால் எண்ணே கண்ணுக்குத் தெரியும்: வழக்கம்போல வாசிக்கும்போது 0, வேண்டுமென்றே அழுத்தும்போது மட்டும் ஏறவேண்டும். கையை எடுத்த பிறகும் எண் கீழே வரவில்லை என்றால்தான் பட்டைமேல் சந்தேகம். அப்போதும் திறக்கவேண்டியவர் நீங்கள் அல்ல.

ஹார்மோனியக் கை

எங்கள் பக்கம் நிறையப் பேர் ஹார்மோனியத்திலோ தேவாலய ஆர்கனிலோ கை பழகியவர்கள். அங்கே கார்வை நிற்கும்வரை கட்டையை அடியோடு பிடித்திருப்பதில் ஒரு குற்றமும் இல்லை, எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் மாறாது. அதே கை சிந்தசைசருக்கு வந்தால், ஒவ்வொரு கார்வையிலும் ஆஃப்டர்டச் கிளம்பிவிடும். அருவங்காட்டுத் தம்பிக்கும் இதேதான். மானிட்டரைப் போட்டுக் காட்டினேன். சும்மா பிடித்திருப்பதாக அவன் நினைத்த கார்டில் எண் 60-க்கும் 70-க்கும் நடுவே துள்ளியது. "நான் அழுத்தவே இல்லையேண்ணா" என்றான். டிசம்பர் காலையில் விறைத்த விரல்களோடு வாசித்தால் இன்னும் மோசம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது நமக்கே தெரியாது. செட்டிங்கை மாற்றும் முன் டீ டம்ளரைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விரல் அழுத்தினால் எல்லாம் ஆடும்

பெரும்பாலான கீபோர்டுகளில் எல்லாக் கட்டைக்கும் சேர்த்து ஒரே எண்தான். வலது கையில் மெட்டை அழுத்தினால், இடது கையில் பிடித்த கார்டும் சேர்ந்து ஆடும். கட்டைக்குக் கட்டை தனித்தனியாக உணர்வது 1977-இல் வந்த யமஹா சிஎஸ்-80 மாதிரி சிலவற்றில்தான் உண்டு. ஸ்ப்ளிட் போட்டு, அதாவது கட்டைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து வேறு வேறு டோனில் வாசிப்பவர்கள் இடது கைப் பகுதிக்கு ஆஃப்டர்டச்சை அணைத்துவிடுவது நல்லது.

வெலாசிட்டி கர்வை மாற்றுவது

அது அடிக்கிற வேகத்துக்கானது. அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆஃப்டர்டச்சைச் சுருதியோடு இணைப்பது

அழுத்தினால் சுருதி வளையும். பாட்டுக்குப் பின்னால் வாசிப்பவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

ரெக்கார்டிங்கில் கவனிக்காமல் விடுவது

வாசிக்கும்போது தெரியாத அழுத்தமெல்லாம் ட்ராக்கில் பதிவாகிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு துண்டை வெட்டி ஒட்டினால், எண் 0-க்குத் திரும்பிய இடம் வெட்டுப்பட்டுப் போய், அடுத்த வரி முழுக்க நடுக்கம் தொங்கும். தேவையில்லை என்றால் பதிவுக்கு முன்பே ரெக்கார்டிங் மென்பொருளின் மிடி ஃபில்டரில் ஆஃப்டர்டச்சைத் தடுத்துவிடுங்கள். வைப்ரேட்டோ வேண்டிய இடத்தில் மாடுலேஷன் வீலை (கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் சக்கரம்) பயன்படுத்துங்கள், அது நீங்கள் தொட்டால்தான் அசையும்.

குளிரிலிருந்து வந்ததும் சுவிட்சைப் போடுவது

ஜீப்பின் பின்னால் இரவு முழுக்கக் கிடந்த கீபோர்டை, ஆட்கள் நிறைந்த வெதுவெதுப்பான மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் பூக்கும். உறையை உடனே கழற்றாமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் வயர்களை இழுக்கலாம்.