டிராக்கர் எண்ணை நம்புமுன்: ஷூட்டர் விளையாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற ஷூட்டர் விளையாட்டுகளை ஆடுகிறவர்களில் பலர், விளையாட்டு தரும் ரேங்கோடு (தரநிலையோடு) நின்றுவிடுவதில்லை. ஆட்ட விவரங்களைத் திரட்டிக் காட்டும் வெளித் தளங்களான டிராக்கர் தளங்களில் தங்கள் பெயரைத் தேடி, அங்கே கிடைக்கும் மதிப்பெண்ணையும் கே/டி விகிதத்தையும் (எதிரிகளை வீழ்த்தியதற்கும் தாம் வீழ்ந்ததற்கும் உள்ள விகிதம்) வைத்துத் தங்கள் திறமையை அளந்துகொள்கிறார்கள். அந்தத் தளங்கள் பயனற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த மேப்பில் (ஆட்டக் களத்தில்) அதிகம் தோற்கிறோம், எந்தத் துப்பாக்கியில் குறி தவறுகிறது என்பதைக் கண்டுகொள்ள அவை நல்ல கருவிகள். ஆனால் அணியில் ஒருவரைச் சேர்க்கவும் விலக்கவும், உடன் ஆடுபவரைப் பழிக்கவும் அதே எண்கள் பயன்படுத்தப்படுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த முடிவுகளின் பாரத்தை அவற்றால் தாங்க முடியாது.

மிகப் பெரிய தவறு, வெவ்வேறு ரேங்கில் இருப்பவர்களின் கே/டியை நேருக்கு நேர் ஒப்பிடுவது. ஒருவர் வீழ்த்தினால் இன்னொருவர் வீழ்கிறார் என்பதால், ஓர் ஆட்டத்தில் இருக்கும் பத்துப் பேரையும் சேர்த்துக் கணக்கிட்டால் விகிதம் 1-ஐ ஒட்டியே நிற்கும். ஆட்டக்காரர்களை இணைக்கும் மேட்ச்மேக்கிங் முறை சம பலம் உள்ளவர்களையே எதிரெதிரே நிறுத்த முயல்கிறது. தேர்ந்தவருக்குத் தேர்ந்த எதிரிகளும் புதியவருக்குப் புதிய எதிரிகளும் வாய்க்கிறார்கள். ஆகவே வாலரண்டின் கீழ் ரேங்குகளில் ஒன்றான சில்வரில் 1.2 வைத்திருப்பவர், மேல் ரேங்குகளில் ஒன்றான இம்மார்ட்டலில் 0.95 வைத்திருப்பவரைவிடச் சிறந்தவர் என்று பொருளில்லை; இருவரும் ஒரே சர்வரில் மோதினால் முடிவு என்னவாக இருக்கும் என்பது இரண்டு ரேங்கிலும் ஆடிப் பார்த்த எவருக்கும் தெரியும். வெற்றி விகிதத்தின் கதையும் இதுதான். மேட்ச்மேக்கிங் சரியாக வேலை செய்தால், ஒருவர் தமக்குரிய இடத்தை அடைந்த பிறகு அவருடைய வெற்றி விகிதம் 50 சதவீதத்தை நோக்கித்தான் வரும்.

அடுத்தது, சில ஆட்டங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவது. இருபது ஆட்டங்களில் பன்னிரண்டை வென்றவருக்கு 60 சதவீத வெற்றி என்று டிராக்கர் பக்கத்தில் பச்சை நிறத்தில் தெரிகிறது. ஆனால் ஒரு நாணயத்தை இருபது முறை சுண்டினாலும், பன்னிரண்டோ அதற்கு மேலோ தலை விழுவதற்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவைக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறை இந்தச் சிக்கலை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் உண்டு: ஒன்று திறமையைப் பற்றிய மதிப்பீடு, மற்றொன்று அந்த மதிப்பீட்டில் உள்ள ஐயத்தின் அளவு. புதியவர் 25 என்ற மதிப்பீட்டோடும் அதில் மூன்றில் ஒரு பங்கு ஐயத்தோடும் தொடங்குவார். மதிப்பீட்டிலிருந்து ஐயத்தின் மும்மடங்கைக் கழித்த பிறகே தரவரிசைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதால், தொடக்கத்தில் அவர் பூஜ்யத்தில் நிற்பார். ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டமானால் ஒருவரின் திறமையை இனங்காணக் குறைந்தது 12 ஆட்டங்கள் போதும் என்றும், நால்வர் அணிகள் இரண்டு மோதினால் 46 ஆட்டங்களும், எண்மர் அணிகளானால் 91 ஆட்டங்களும் வேண்டும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். அணி பெரிதாக ஆக, வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது மங்கிவிடுவதே காரணம். டிராக்கர் பக்கங்களில் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டுமே காண்கிறோம். ஐயத்தின் அளவு எங்கும் தென்படுவதில்லை.

அணியில் ஒருவர் செய்யும் வேலையைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சைட்டுக்குள் (குண்டு வைக்கும் இடத்துக்குள்) முதலில் நுழைபவர் அடிக்கடி முதலில் வீழ்வார். அவர் திறந்துவிட்ட இடத்தில் பின்னால் வருபவர் இரண்டு பேரை வீழ்த்துவார். ரவுண்டு கைவிட்டுப் போன பிறகு ஒளிந்திருந்து, வெளியேறும் எதிரிகளில் ஒருவரைச் சுடுபவருடைய கே/டியும் உயரும். சில சமயம் அது எதிரியின் விலை உயர்ந்த துப்பாக்கியைப் பறிக்கும் நல்ல ஆட்டம்தான். சில சமயம் தன் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆட்டம். இரண்டையும் டிராக்கர் ஒரே மாதிரிதான் எழுதிக்கொள்கிறது. ஓவர்வாட்ச் என்ற அணி ஷூட்டரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்: அதிக அடி தாங்கும் எதிரி டேங்கை வீழ்த்தாமல் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தால் நம்முடைய டேமேஜ் கணக்கு பெருகும், ஆனால் அந்தக் காயத்தை ஆற்றும் எதிர் அணி சப்போர்ட்டின் அல்டிமேட்டும் (நிரம்பிய பிறகு பயன்படுத்தும் சிறப்புத் திறன்) கூடவே நிரம்பும்.

தொழில்முறை கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டங்களுக்கு எச்எல்டிவி தளம் கணக்கிடும் ரேட்டிங், வெளியார் உருவாக்கிய மதிப்பீடுகளிலேயே மிகுந்த மதிப்புக்குரியது என்பேன், சராசரி 1.00 என்று வைத்து, தெரிந்த போட்டிகளின் முழுத் தரவோடு அது இயங்குகிறது. அதனாலும் எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த கேரிகன், களத்தில் அணியை வழிநடத்துபவர். ஃபேஸ் அணியில் அவருடைய ரேட்டிங் பெரும்பாலும் சராசரிக்குக் கீழேயே இருந்தது. 2022 மே மாதம் ஆன்ட்வெர்ப் மேஜரில் (மேஜர் என்பது கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் மிக உயரிய போட்டித் தொடர்), நாவி அணியை இறுதியாட்டத்தில் வென்று, பல நாட்டவர் கொண்ட அணி ஒன்று முதல்முறையாக மேஜர் பட்டம் பெற்றபோது அந்த அணியை நடத்தியவர் அவர்தான். ரேட்டிங்கை மட்டும் பார்த்து ஆள் எடுக்கும் ஒருவர், அவரைத்தான் முதலில் நீக்கியிருப்பார்.

அந்த ரேட்டிங்கின் கணக்கு முறையே 2017-ல் 2.0 என்று மாறியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முறை மாறினால் ஆட்டம் மாறாமலே எண் மாறும். இரண்டு தளங்களின் எண்களை ஒப்பிடுவதும் அதனால் பொருந்தாது. வாலரண்டில், மேட்ச்மேக்கிங்குக்குப் பயன்படும் எம்எம்ஆர் என்ற திறன் எண் ஆட்டக்காரருக்குக் காட்டப்படுவதில்லை. வாலரண்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் வெளி உருவாக்குநர்களுக்கு விதித்துள்ள விதிகள், அதிகாரப்பூர்வ ரேங்குக்கு மாற்றாக எம்எம்ஆர் அல்லது ஈலோ (அதுபோன்ற இன்னொரு திறன் மதிப்பெண்) கணிக்கும் கருவிகளைத் தடை செய்கின்றன. எனவே 'உன் உண்மையான எம்எம்ஆர் இதோ' என்று யாராவது ஓர் எண்ணை நீட்டினால், அது ஊகம் என்றே கொள்க.

'முதல் 10 சதவீதத்தில் இருக்கிறீர்கள்' என்ற வரியைப் படிக்கும்போது, யாருக்குள் 10 சதவீதம் என்று கேட்க வேண்டும். அந்தத் தளத்துக்குத் தெரிந்தவர்களுக்குள்தான். டிராக்கரில் பதிந்து தன் எண்களைத் தேடுபவர் பொதுவாக விளையாட்டில் ஈடுபாடு மிகுந்தவர். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் கல்லூரி மாணவரோ வேலை முடிந்து வரும் தகப்பனோ அந்தப் பட்டியலில் குறைவாகவே இருப்பார்கள். ஆகவே அந்தச் சதவீதம் மொத்த ஆட்டக்காரர்களுக்குள் உங்கள் இடத்தைக் காட்டாது.

கடைசியாக, பக்கத்தை மறைத்து வைத்திருப்பவர் எதையோ ஒளிக்கிறார் என்று முடிவு கட்டுவது. 2018 ஜூனில் ஓவர்வாட்ச், ஆட்டக்காரர்களின் விவரப் பக்கங்களை இயல்பாகவே மறைத்துவைத்தது. விரும்புபவர்தான் திறந்துவைக்க வேண்டியிருந்தது. வாலரண்டிலும் ஆட்டக்காரர் தாமே சம்மதித்தால்தான் வெளித் தளம் அவருடைய விவரங்களைக் காட்டலாம். ஆட்டம் தொடங்கும் முன்பே மூடிய பக்கத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஏசுபவர், பெரும்பாலும் எந்த செட்டிங்கையும் தொடாமல் விளையாட வந்த ஒருவரைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறார்.