வயதான பிறகு சிகரெட்டை விட்டவர்கள் மூச்சைத் திரும்பப் பிடிக்க

ஐம்பது, அறுபது வயதில் சிகரெட்டை விட்டவர்கள் பலரைப் பயமுறுத்துவது இருமல்தான். "விட்ட பிறகுதான் சளி அதிகமாக வருகிறது" என்பார்கள். வரலாம். மூச்சுக்குழாயைத் துடைக்கும் நுண்ணிய மயிரிழைகளைப் புகை முடக்கி வைத்திருந்தது. அவை மறுபடி வேலைக்கு வந்ததும் தேங்கிய சளியை மேலே தள்ளுகின்றன. அதற்காக மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள்! சளியில் ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பயிற்சிக்கு நடையே போதும். 2 நிமிடம் வேகமாக, 1 நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி 10 நிமிடம். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் சரி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். நெஞ்சு வலித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

மாடிப்படியில் திணறினால், மூக்கால் 2 எண்ணும் வரை இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து 4 எண்ணும் வரை விடுங்கள். காற்றுப்பாதை சற்று நேரம் கூடுதலாகத் திறந்திருப்பதால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும்.

அழிந்துபோன நுரையீரல் காற்றறைகள் திரும்பி வராது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இருக்கிற நுரையீரலின் செயல்பாடு 2 வாரம் முதல் 3 மாதத்துக்குள் தேறத் தொடங்கும். கால் தசைகளும் பழகிவிட்டால், அதே படிக்குக் குறைவான மூச்சே செலவாகும். எத்தனையாவது படியில் நின்றீர்கள் என்று இன்றே குறித்து வையுங்கள்.