ஓடி கணக்குக்காக வங்கி கேஸ் போட்டால்: சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து

என் மாமா மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்காக ஒரு வங்கியில் 2 லட்சம் ரூபாய் ஓடி, அதாவது ஓவர்டிராஃப்ட். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் அந்த வரம்பு வரை எடுத்துக்கொள்ளலாம்; எடுத்ததற்கு வட்டி. கடை நொடித்த பிறகு வட்டி ஏறிக்கொண்டே போய், வங்கி கேஸ் போட்டது. கோர்ட் அமீனா கொண்டுவந்த சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய மாமா, அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டார். "இல்லாதவன்கிட்ட கோர்ட்டு எதைப் புடுங்கும்?" என்பது அவர் வாதம். எட்டு மாதம் கழித்து எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே, அதாவது அவர் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமான தீர்ப்பே வந்திருந்தது.

அதற்கப்புறம் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். வக்கீலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். வக்கீலிடம் போகும் முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு உதவும்.

படி 1: வந்திருப்பது எந்தக் காகிதம்?

வக்கீல் நோட்டீஸ் என்றால் இன்னும் கேஸ் போடவில்லை. லோக் அதாலத்துக்கு வரச்சொல்லும் நோட்டீஸ் சமரச அழைப்புதான், பயப்பட வேண்டாம். கோர்ட் முத்திரை, வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி, கூடவே பிராது (வங்கி கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனு) நகல் எல்லாம் இருந்தால் அதுதான் சம்மன். பாக்கி 20 லட்சமோ அதற்கு மேலோ என்றால் சாதாரண சிவில் கோர்ட்டில் இல்லாமல் கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலிருந்து வரும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் "கோர்ட் ஆர்டர்" படங்களை உடனே நம்பாதீர்கள். இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ வழக்கு எண்ணையோ ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையோ போட்டால், சிவில் கோர்ட்டில் நிஜமாகவே கேஸ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

படி 2: வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள்

நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். சாதாரண சிவில் வழக்கில் எதிர்வழக்குரை, அதாவது பிராதுக்கு உங்கள் எழுத்துபூர்வ பதில், தாக்கல் செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் கோர்ட் அதை மொத்தம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். தொழில் கணக்காக இருந்து தொகை 3 லட்சத்தைத் தொட்டால் அது வணிக வழக்காகப் போகலாம். அங்கே 120 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது சுருக்க விசாரணை வழக்கு. பிராதில் "ஆர்டர் 37" (சிவில் நடைமுறைச் சட்டத்தில் இந்த வழக்குக்கான பகுதி) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஆஜராகிறேன் என்று தெரிவிக்க வெறும் 10 நாள்தான். அதன் பிறகு வங்கி இன்னொரு சம்மன் அனுப்பும். அதிலிருந்து 10 நாளுக்குள் "எனக்கு வாதிட அனுமதி கொடுங்கள்" என்று மனுப் போட வேண்டும். தவறினால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.

படி 3: கணக்கைத் தோண்டுங்கள்

என் அனுபவத்தில் பாதி கேஸ் இங்கேதான் இருக்கிறது. வங்கிக்கு எழுத்துபூர்வமாகக் கடிதம் கொடுத்து, கணக்கு தொடங்கிய நாளிலிருந்து ஸ்டேட்மென்ட், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அனுமதிக் கடிதம் மூன்றையும் கேளுங்கள். கடித நகலில் சீல் வாங்க மறக்காதீர்கள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, நீங்கள் எடுத்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, வங்கி போட்ட வட்டியும் கட்டணமும் எவ்வளவு என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். மாமா கணக்கில் அவர் கட்டிய 11,000 ரூபாய் பிராதில் வரவே இல்லை. பணம் கட்டிய செலான்கள் பிஸ்கட் டப்பாவில் கிடந்ததால் தப்பித்தோம்.

வட்டி அதிகம் என்பதை மட்டும் காரணமாக வைத்து வாதிடாதீர்கள். வங்கி வட்டி விகிதம் மிகையானது என்று சொல்லி கணக்கைத் திரும்பத் திறக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 21ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாத விகிதத்தில் போட்டிருந்தால் அது வேறு விஷயம், தாராளமாகக் கேட்கலாம். தவணை தவறியதற்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்குப் பிந்தைய பதிவுகளைத் தனியாகப் பாருங்கள்.

சேமிப்புக் கணக்கு மைனஸில் போனதா? குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று போட்ட அபராதத்தால் மட்டுமே அப்படிப் போயிருந்தால், அது 2015 ஏப்ரலிலிருந்தே கூடாது.

இன்னொன்று: வங்கியின் கணக்குப் பதிவை மட்டும் வைத்து ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. கணினி அச்சுப் பிரதி என்றால் 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டப்படி சான்றிதழும் இணைந்திருக்க வேண்டும். வக்கீலிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

படி 4: மூன்று வருடம் தாண்டிவிட்டதா?

அடமானம் இல்லாத ஓடிக்கு கேஸ் போட வங்கிக்குப் பொதுவாக 3 வருடம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது கணக்கின் தன்மையைப் பொறுத்தது, வக்கீல் பார்க்கட்டும். அதுவரை நீங்கள் ஒரு காரியம் செய்யக்கூடாது. மேனேஜர் நீட்டும் "பாக்கி இவ்வளவு என்று ஒப்புக்கொள்கிறேன்" காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கெடு முடியும் முன் போட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம் தொடங்கும். 500 ரூபாய் கட்டி செலானில் கையெழுத்திட்டாலும் அதே கதை வரலாம். கெடு முடிந்த பிறகும் "தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகிவிடும்.

படி 5: எதிர்வழக்குரை

பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் வேண்டும். வெறுமனே "எல்லாம் பொய்" என்றால், குறிப்பாக மறுக்காததையெல்லாம் ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். எடுத்த பணத்தை எடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஸ்டேட்மென்ட் காட்டிக் கொடுத்துவிடும். "இவ்வளவு ஒப்புக்கொள்கிறேன், இவ்வளவு மறுக்கிறேன், காரணம் இது" என்பதுதான் நிற்கும். தவணையில் கட்ட அனுமதி வேண்டும் என்றால் அதையும் தீர்ப்புக்கு முன்பே கேளுங்கள். தீர்ப்புக்குப் பிறகு வங்கி சம்மதித்தால்தான் கிடைக்கும்.

படி 6: பேசித் தீர்ப்பது

உண்மையிலேயே பாக்கி இருந்தால் வாய்தா வாங்கி இழுப்பதில் லாபம் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். லோக் அதாலத்தில் முடிந்தால் அந்தத் தீர்வு டிகிரிக்கு, அதாவது கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வங்கி கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவர்களும் இறங்கி வருவார்கள். ஆனால் குறைத்துக் கட்டினால் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். அடுத்த கடன் கேட்கும்போது அது உறுத்தும்.

தீர்ப்பே வந்துவிட்டால்

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மன் முறையாகச் சேராதவருக்குத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. மாமாதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தாரே! தாமதத்தை மன்னிக்கவும் தனி மனு, அதற்கு ஒரு காரணம், அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு என்று நீண்டது. 3,000 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொல்லித்தான் கேஸைத் திரும்ப எடுத்தார்கள்.

தீர்ப்புப் பணத்தை வசூலிக்க வங்கி போடும் நிறைவேற்று மனு வந்தாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், தாலி, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், வருங்கால வைப்பு நிதி இவற்றைத் தொடக்கூடாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கே. ஆனால் அதே வங்கியில் இன்னொரு கணக்கு வைத்திருந்தால், அதிலுள்ள பணத்தை வங்கி பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ளப் பார்க்கும். இதை முதலிலேயே யோசியுங்கள்.

ஜெயில்? வசதி இல்லாமல் கட்ட முடியாதவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ள முடியாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் எதிர்த்தரப்பு ஒரு வங்கிதான், பேங்க் ஆஃப் கொச்சின். பணம் வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஓடிக்காகக் கொடுத்த செக் திரும்பியிருந்தால் அது தனிக் குற்ற வழக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாமா கடைசியில் லோக் அதாலத்தில் ஆறு தவணையாகக் கட்டி முடித்தார். பாக்கி இல்லை என்ற கடிதத்தை வங்கியிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தவர், நேராகக் காலண்டர் பக்கம் போனார். அத்தை பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.