லாரியில கம்பெனி செட்டை கழட்டாம ஆம்ப் போடுறது எப்படி

வண்டி நிக்கிறப்போ கம்பெனி செட்டு, அதாவது வண்டியோடயே வந்த மியூசிக் செட்டு, நல்லாத்தான் பாடும். ஓட ஆரம்பிச்சதும் இன்ஜின், டயர், காத்து எல்லாம் சேர்ந்து பாட்டை அமுக்கிடும், வால்யூமை கூட்டினா கரகரங்கும். செட்டுக்குள்ள இருக்குற சின்ன ஐசி (சிப்) 12 வோல்ட்ல ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் லைனுக்கு, சுத்தமா 15, 20 வாட்ஸ்தான் தரும், அதுக்கு மேல கேட்டா சிக்னலோட உச்சி வெட்டுப்பட்டு வர்ற சத்தம்தான் அந்த கரகரப்பு. செட்டு அப்படியே இருக்கட்டும், வெளியில ஒரு ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், போட்டா போதும். ஆனா எல்லாரும் ஆம்ப் எத்தனை வாட்ஸ்னுதான் பாக்குறாங்க, என்னைக் கேட்டா வேலையில பாதி கரன்ட் வயர்லயும் எர்த்துலயும் (ஆம்ப்போட நெகட்டிவை வண்டி பாடியில குடுக்குறது) தான் இருக்கு.

முதல்ல மல்டிமீட்டரை எடுத்து வண்டியில எத்தனை வோல்ட்னு பாருங்க. பிக்கப் மாதிரி சின்ன வண்டின்னா பெரும்பாலும் 12, பெரிய லாரின்னா ரெண்டு பேட்டரி சீரிஸ்ல போட்டு 24 இருக்கும். கார் ஆம்ப் எல்லாமே 12 வோல்ட்டுக்கு செஞ்சது, 24 குடுத்தா போயிடும். அதுக்காக ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் லைன் எடுக்காதீங்க, அந்த பேட்டரி எப்பவும் சார்ஜ் குறைஞ்சே இருக்கும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ் ஆகும், கொஞ்ச நாள்ல ரெண்டுமே கெட்டுப்போகும். 24ஐ 12 ஆக்குற கன்வர்ட்டர் போடுங்க, ஆம்ப் இழுக்குற ஆம்பியரை விட கொஞ்சம் பெருசாவே.

எவ்வளவு இழுக்கும்னு கணக்கு சுலபம்தான். சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் (விடாம தொடர்ந்து தர்ற வாட்ஸ்), 4 சேனல்னா 200 வாட்ஸ், கிளாஸ் டிங்கிற வகை ஆம்ப்ல 80 சதவீதம்தான் ஸ்பீக்கருக்கு போகும் மீதி சூடா போயிடும்னு வச்சா உள்ள 250 வாட்ஸ் போகணும், அதை 13 வோல்ட்டால வகுத்தா கிட்டத்தட்ட 20 ஆம்பியர். இதுக்கு 8 கேஜ் செம்பு வயர், அதாவது சுமார் 8 ஸ்கொயர் எம்எம், 30 ஆம்பியர் ஃபியூஸ் போதும். வயர் வாங்குறப்போ நுனியை பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது, அதுல வோல்டேஜ் டிராப் ஜாஸ்தி, வேணாம்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவை கழட்டிடுங்க. ஃபியூஸை பேட்டரியில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள போடணும், ஏன்னா இந்த ஃபியூஸ் ஆம்பை காப்பாத்த இல்ல, வயரை காப்பாத்தத்தான். கேபினுக்குள்ள வயர் நுழையுற தகர ஓட்டையோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், வண்டி அதிர அதிர இன்சுலேஷன் அறுபட்டு செம்பு பாடியில பட்டுச்சுன்னா, ஃபியூஸ் ஆம்ப் பக்கத்துல இருந்து என்ன பிரயோஜனம், பேட்டரியில இருந்து ஓட்டை வரைக்கும் உள்ள வயர் பத்திக்கும். அந்த ஓட்டையில ரப்பர் புஷ் கண்டிப்பா இருக்கணும், இதுல மட்டும் சமரசம் பண்ணாதீங்க.

எர்த் வயரும் அதே கேஜ்தான், நீளம் 45 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது. நான் ஒரு தடவை சீட் போல்ட்லயே எர்த் குடுத்துட்டேன், ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல ஊய்ங்னு ஒரு சத்தம் கூடவே ஏறுச்சு, ரெண்டு நாள் தேடினப்புறம் பாத்தா போல்ட்டுக்கு அடியில பெயின்ட்! உப்புத்தாள் வச்சு தகரம் பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, லக் (வயர் நுனியில மாட்டுற வளையம்) வச்சு முறுக்கி, துரு பிடிக்காம இருக்க மேல மட்டும் கொஞ்சம் பெயின்ட் தடவினேன், சத்தம் அப்பவே நின்னுச்சு. கரன்ட் வயர் வண்டியோட ஒரு பக்கமாவும் சிக்னல் வயர் இன்னொரு பக்கமாவும் போகட்டும்.

சிக்னலுக்கு, ஆம்ப்ல ஹை லெவல் இன்புட் இருந்தா செட்டோட ஸ்பீக்கர் வயரையே நேரா குடுக்கலாம், இல்லன்னா நடுவுல ஒரு லைன் அவுட் கன்வர்ட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை ஆம்ப்புக்கு ஏத்த மாதிரி சின்னதாக்குறது) வச்சு, அதுல இருந்து ஆர்சிஏ பின் வயர் எடுங்க. ஸ்பீக்கர் நெகட்டிவை மட்டும் பாடியில தொட விடாதீங்க, கம்பெனி செட்டுல ரெண்டு வயர்லயுமே வோல்டேஜ் இருக்கும், தொட்டா ஐசி போச்சு. எது பிளஸ்னு தெரியலன்னா, செட்டுல இருந்து பிரிச்ச ஸ்பீக்கர் வயர்ல 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஒரு தொடு தொடுங்க, கோன் வெளிய வந்தா பேட்டரி பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கர் பிளஸ். ஆம்பை ஆன் பண்ண வைக்கிற ரிமோட் வயரை சாவி போட்டா மட்டும் கரன்ட் வர்ற லைன்ல குடுங்க, இல்லன்னா ராத்திரியெல்லாம் பேட்டரி இறங்கும்.

ஆம்ப்ல இருக்குற கெயின் திருகி, செட்டு தர்ற சிக்னலுக்கு ஆம்பை பொருத்தத்தான், அது வால்யூம் கிடையாது, இத நல்லா மனசுல வச்சுக்குங்க. கெயினை முழுசா குறைச்சு, ஆம்ப்ல இருந்து ஸ்பீக்கரை கழட்டி, செட்டுல பேஸ் ட்ரெபிள் நடுவுல வச்சு, வால்யூம் முக்கால்வாசி வச்சு 400 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீரா வர்ற டெஸ்ட் சத்தம்) ஓட விடுங்க (பல சாதா மீட்டருங்க அதுக்கு மேல தப்பா காட்டும்). மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு, ஆம்ப்போட ஸ்பீக்கர் அவுட்புட்ல குடுத்து, கெயினை மெதுவா ஏத்துங்க. வாட்ஸை ஸ்பீக்கரோட ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா எந்த வோல்ட்ல நிறுத்தணும்னு வரும், 50 வாட்ஸ் 4 ஓம்னா 14.1 வோல்ட். கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (கீழ் சத்தத்தை வெட்டுற ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ்ல வைங்க, சின்ன கோன் பேஸ்ல அடிபடாது, பாட்டுல குரலும் தெளியும்.

ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வண்டியை நிறுத்தி ஃபியூஸ் ஹோல்டரையும் எர்த் லக்கையும் தொட்டுப் பாருங்க, சுட்டுச்சுன்னா அந்த ஜாயின்ட் சரியா பிடிக்கலன்னு அர்த்தம், கழட்டி திரும்ப முறுக்குங்க.