டாரட் மேசை போடப் போறீங்களா? கண்காட்சியில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பொருட்காட்சி, அபார்ட்மென்ட் சந்தை, கல்லூரி விழா என்று எங்கே போனாலும் இப்போது ஒரு மூலையில் டாரட் மேசை, அதாவது படச் சீட்டு எடுத்துப் பலன் சொல்லும் மேசை, தென்படுகிறது. மேலை நாடுகளில் இதற்கென்றே தனிக் கண்காட்சி நடக்கும். கைரேகை, ஜாதகம், டாரட் என்று பார்ப்பவர்கள் மட்டுமே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு வருகிறோம் என்பது வருகிறவருக்கும் தெரியும். நம்மூரில் ஒருபக்கம் டெல்லி அப்பளம், மறுபக்கம் நைட்டி ஸ்டால், நடுவில் நீங்கள். உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவரோ கோயிலில் பொட்டலம் எடுத்து, வெள்ளையா சிவப்பா என்று பூ கேட்டுப் பழகியவர். கவுளி அடித்தால் எந்தத் திசை என்று பார்ப்பவர். சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் இந்தத் தடவை என்ன வைத்தார்கள் என்று பேப்பரில் தேடிப் படிப்பவர். அவருக்கு வேண்டியது தீர்ப்பு: ஆகுமா, ஆகாதா? அந்த எதிர்பார்ப்புக்கு மயங்கி, கார்டைக் கையில் எடுத்தவர் தீர்ப்புச் சொல்ல ஆரம்பிப்பதில்தான் மற்ற எல்லாத் தவறும் முளைக்கிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டு எதிர்காலத்தைக் காட்டும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஒரு படத்தை முன்னால் வைத்து, ஒருவர் தன் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து பார்க்கும்படி பேச வைக்கலாம். கால் மணி நேரத்துக்கு அதுவே பெரிய வேலை.

மஞ்சள் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் வந்து உட்காருகிறார் என்று வையுங்கள். "ஏனுங் அம்மிணி, மஞ்சள் குடோன்ல கெடக்குது. இப்பப் போட்டுறலாமுங்களா, இன்னுங் கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாமுங்களா?" கார்டு எடுத்தால் சன் வருகிறது. பெரிய சூரியன், மதில் மேல் சூரியகாந்திப் பூக்கள், வெள்ளைக் குதிரையில் ஒரு குழந்தை. புதியவர் முகம் மலர்ந்து, "ரொம்ப நல்ல கார்டுங்க, வெச்சிருங்க, விலை ஏறும்" என்பார். மஞ்சள் விலை இந்த மேசையைப் பார்த்து ஏறுவதில்லை. இறங்கினால் நஷ்டம் அவருக்கு.

அந்த இடத்தில் கேட்க வேண்டியது வேறு. வெச்சிருந்தா வட்டி எதுவும் ஓடுதுங்களா? இந்தப் படத்துல உங்க கண்ணு முதல்ல எங்க போகுதுங்க? "அந்தக் கொழந்தைதானுங்க. பொண்ணுக்குத் தையில கல்யாணம் வெச்சிருக்கறோம்" என்று அவரே சொல்வார். பிறகு பேச்சு கல்யாணச் செலவுக்கு எவ்வளவு வேண்டும், அதற்குப் பாதி மட்டும் விற்றால் போதுமா என்று தானாக நகரும். முடிவு அவருடையதாக இருக்கும். எழுந்து போகும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தால் உங்கள் வேலை முடிந்தது.

இதைவிடப் பெரிய பொறி போர்வெல். பல்லடம், காங்கேயம் வறட்டு நிலத்தில் ஆயிரம் அடி தாண்டியும் புகை மட்டும் வந்த கதைகள் ஏராளம். தேங்காயைக் கையில் வைத்துத் தண்ணீர் பாயிண்ட் பார்த்துவிட்டு, அது சரிதானா என்று உறுதி செய்துகொள்ள உங்களிடம் வருவார்கள். அந்த நேரம் பார்த்து ஏஸ் ஆஃப் கப்ஸ் வந்து தொலையும். அதில் கோப்பையிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடுகிற படம்! "தண்ணி இருக்குதுங்க" என்ற ஒரு வார்த்தைக்கு அங்கே விலை லட்சங்களில். தண்ணீர், விலை, கோர்ட் தீர்ப்பு, நீட் ரிசல்ட் இவற்றைக் கார்டால் சொல்ல முடியாது என்பதை உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும். போர்டில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. கூட்டம் குறையும் என்று பயப்படுகிறார்கள். கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

பயமுறுத்தும் கார்டுகளைக் கையாளத் தெரியாமல் விழிப்பது அடுத்தது. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909-ல் லண்டனில் வெளியான ரைடர் வெய்ட் கட்டு, அல்லது அதைப் பார்த்து வரைந்தது. படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அதில் டெத் கார்டு என்பது கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வரும் படம். கீழே ராஜா விழுந்து கிடப்பார். பேரன் வேலைக்காகக் கேட்க வந்த ஆத்தா அதைப் பார்த்ததும் "அய்யோ சாமி!" என்று நெஞ்சில் கைவைத்துவிடுவார். அதன் பிறகு நீங்கள் என்ன சமாதானம் சொன்னாலும் காதில் ஏறாது. சிலர் அவசரமாகக் கார்டைக் கவிழ்த்து வேறொன்றை எடுப்பார்கள். அது இன்னும் மோசம், மறைக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடும். கண்காட்சிக்கு மட்டும் அந்தக் கார்டையே கட்டிலிருந்து எடுத்துவிடுவோரும் உண்டு. 78 கார்டு என்று போர்டு வைத்துவிட்டு 77-ஐ வைத்துப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. கலைக்கும் முன்பே சொல்லுங்கள்: "பயமாத் தெரியற படம் ரெண்டு மூணு இருக்குதுங்க. அது சாவைச் சொல்றதில்லைங்க, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிறதைப் பேசற படம்." வந்த பிறகு, தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே தெரியும் சூரியனையும் விரலால் காட்டலாம்.

உண்மையான ஆபத்து வேறு கார்டில் இருக்கிறது. செவன் ஆஃப் ஸ்வோர்ட்ஸில் ஒருவன் வாள்களை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்த்தபடி நழுவுவான். வரப்புத் தகராறோ கிணற்றுப் பங்கோ உள்ளவர் அதைப் பார்த்ததும் "எங்க பங்காளிதானுங்களே?" என்பார். நீங்கள் தலையை ஆட்டினால் போதும், ராத்திரியே ஊரில் சண்டை. டெவில் வந்தால் "யாராச்சும் செய்வினை வெச்சிருக்காங்களா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். "அப்படியும் இருக்கலாம்" என்று வழுக்குவது ஆமாம் என்பதற்குச் சமம். அங்கே இல்லாத ஒரு மனிதரைப் பற்றி, மருமகள், சம்பந்தி, பங்கு முதலாளி யாரானாலும், கார்டு எடுப்பதே வேண்டாம். அவர் உங்களிடம் அனுமதி தரவில்லை.

கொங்கில் இன்னொரு சிக்கல், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எந்த ஊர், எந்தக் கூட்டம் (குலம்) என்று நாலு வார்த்தை பேசினால் பாதிக் குடும்பக் கதை வெளியே வந்துவிடும். அந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். தெரிந்ததைக் கார்டு சொன்னதுபோல் எடுத்துவிடும் ஆசை வரும். எதிரில் இருப்பவர் அசந்து போவார், கூட்டமும் கூடும். அது பச்சைப் பொய். "உங்களை எனக்குத் தெரியுமுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"சரி, பரிகாரம் என்னங்க?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. டாரட்டில் பரிகாரம் என்று ஒரு பகுதியே கிடையாது. ஆனால் கேட்கக் கேட்க, புதியவர் மெல்லக் கல் பிரேஸ்லெட்டில் ஆரம்பித்து, பிறகு அதற்கே தனித் தட்டு வைத்துவிடுகிறார். தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் சட்டத்தில் குறித்துள்ள நோய்கள் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது. கர்ப்பிணி வந்து ஆணா பெண்ணா என்று கேட்டால் கார்டைத் தொடவே கூடாது. 1994-ம் ஆண்டுச் சட்டம் அறிவியல் முறை, வேறு முறை எதுவானாலும் பாலினம் கண்டறிந்து சொல்வதாக விளம்பரம் செய்வதைக் குற்றம் என்கிறது. நோய் பற்றிய கேள்விக்கு டாக்டரைக் காட்டுங்கள். உயிரை விடுவது போலப் பேசுகிறவர் வந்தால் கார்டுகளை ஓரம் வைத்துவிட்டு, கூட வந்தவரை அழைத்து, 104 அல்லது 14416 உதவி எண்ணைக் கையில் எழுதிக் கொடுங்கள். அடி உதை வாங்கும் பெண்ணுக்குப் பெண்கள் உதவி எண் 181. இந்த மூன்றும் உங்கள் மேசை டிராயரில் அச்சடித்துத் தயாராக இருக்கட்டும்.

எகிப்தில் 5,000 வருஷத்துக்கு முந்தைய ரகசியம் என்று போர்டு வைப்பதை நிறுத்தலாம். டாரட் 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்குச் சீட்டாட்டமாகத் தொடங்கியது. எகிப்துக் கதையைக் கிளப்பியவர் கூர் தெ ஜெபலாங் என்ற பிரெஞ்சுக்காரர், 1781-ல். எகிப்திய எழுத்தைப் படிக்கவே அப்போது யாருக்கும் தெரியாது. கோவையில் மேசைக்கு ஒரு பேராசிரியராவது வருவார், பதில் சொல்ல முடியாது.

இனி மேசைச் சங்கதிகள். பாலக்காட்டுக் கணவாய் காற்று ஆடி மாதத்தில் என்ன செய்யும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். திறந்த மைதானத்தில் வழுக்கும் சன்மைக்கா மேசை மேல் கார்டு விரித்தால் பக்கத்து பஜ்ஜிக் கடையில்தான் பொறுக்க வேண்டும். கனமான வெல்வெட் துணி, நாலு கூழாங்கல். பஜ்ஜி தின்ற கையோடு கலைக்க வருவார்கள். கலைப்பதை நீங்கள் செய்துவிட்டு, வெட்டித் தர மட்டும் அவரிடம் நீட்டுங்கள். ஸ்பீக்கர் பக்கத்து ஸ்டாலை வாடகை குறைவு என்று பிடிக்காதீர்கள். ரகசியத்தைக் கத்திச் சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

கணக்கு போடாமல் இறங்குவோர் அதிகம். கூட்டம் வருவது சாயங்காலம் ஐந்து மணி நேரம் என்றால், ஒருவருக்குக் கால் மணி, இடையில் ஐந்து நிமிஷம் என்று 15 பேருக்கு மேல் பார்க்க முடியாது. ஆளுக்கு 200 ரூபாய் வாங்கினால் 3,000. ஸ்டால் வாடகையே 3,000 என்றால் டீச்செலவு கைக்காசு. பத்துக் கார்டு விரிக்கும் செல்டிக் கிராஸை இதில் நுழைத்தால் கணக்கு இன்னும் கெடும். மூன்று கார்டு போதும். "உங்க விருப்பம் போலக் குடுங்க" என்பதும் வேண்டாம். காணிக்கை என்று நினைத்து 11 ரூபாய் வைப்பவர்மேல் நீங்கள் கோபப்பட முடியாது. நேரம், கட்டணம் இரண்டையும் தமிழில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

தனியாக வருகிறவர் குறைவு. மருமகள் நாற்காலியில், மாமியார் பின்னால் நின்றபடி. "இவளுக்குக் கொழந்த எப்பங்க?" என்று கேட்பவர் பின்னால் நிற்பவர்தான். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "நீங்க கேக்க நெனைச்சது இதுதானுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியவருக்கு ஒரு நாற்காலி தள்ளிப் போட்டு, "அம்மா, நீங்க இங்க உக்காருங்க, அடுத்து உங்களுக்குப் பாக்கலாம்" என்றால் மரியாதையும் கெடாது. பள்ளிப் பிள்ளைகள் தனியாக வந்தால் பெற்றவர்களோடு வரச் சொல்லி அனுப்புங்கள். வந்தவர் அழுகிற முகத்தை ரீல்ஸ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கடைசியாக, "இன்னொரு கார்டு எடுங்களேன்." பிடிக்காத பதில் வந்தால் இதைக் கேட்காதவர் இல்லை. இன்னொரு 200 கிடைக்கிறதே என்று எடுத்தால் மூன்றாவதும் கேட்பார், நாளைக்குத் தம்பியைக் கூட்டி வந்து அதே கேள்வியைப் போடுவார். கோயிலில் நினைக்காத பூ வந்த கையோடு திரும்பப் பொட்டலம் எடுக்கச் சொல்ல மாட்டார், அது அவருக்கே தெரியும். அதைச் சிரித்தபடி ஞாபகப்படுத்தி, "மூணு மாசம் போகட்டுமுங்க, நெலமை மாறியிருந்தா வாங்க" என்று அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.